குழுவின் முடிவு

சுவாவுக்கு யாரை அனுப்புவது என்று
முடிவுசெய்யும் குழுவில் ஐந்து பேர்.
மூவர் எங்களுக்கு உறவு.

வயது அறுபத்தெட்டு, டயாலிசிஸுக்கு நிதியில்லை.
ஒரே பக்கத்தில் முடித்துவிட்டார்கள்.
கையெழுத்து: டாக்டர் நெமாயா.
தேவாலயத்தில் என் பின்வரிசையில் நின்று பாடுபவர்,
சுதி கொஞ்சம் முன்னே பின்னே.

சாயங்காலம் அவரே வந்தார்.
விமானம் இல்லாத ஓடுபாதையில்
பந்தாடும் பிள்ளைகள் நடுவே மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு,
கைப்பிடியில் இரண்டு சூரை தொங்க.

ஃபுனாஃபூட்டியில் இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்கு
அதட்டினால் குரல் எட்டும்.
கோபித்துக்கொண்டு எங்கே போவது?

மீனை வாங்கி, உப்பில்லாமல் ஆக்கினேன்.
அவர் எழுதித் தந்த பத்தியம்தான்.
அவர் தலை நிமிரவில்லை.
முள்ளை மட்டும் பிரித்துக்கொண்டிருந்தார்.

தெலாவி தன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச்
சொன்னார்:
"அவனுக்காவது உப்புப் போடு."