கூரை போடாத கோடை

மே முடிவதற்குள் கொட்டகைக்குக் கூரை போட்டுவிடுவேன்
என்று வெல்காவிடம் வாய் விட்டவன் நான்தான்.
தகரம் வந்து இறங்கியது. ஆணியும் வந்தது.
அன்றிரவு உறைபனி என்றது வானொலி.
போர்வை, மேசைவிரிப்பு, என் மழைக்கோட்டு வரை
தக்காளி நாற்றுகளுக்குப் போர்த்திவிட்டு
நாங்கள் நால்வரும் ஒரே கம்பளிக்குள் நடுங்கினோம்.
விடிந்ததும் போய்ப் பார்த்தோம், நாற்றுகள் நலம்.
கிரிஸ்தாப்ஸுக்குத்தான் சளி.

பிறகு உருளைக்கிழங்குச் செடியில் வரிவண்டு.
மகளிடம் ஒரு புட்டியைக் கொடுத்து
வண்டுக்கு ஒரு சென்ட் கூலி பேசினேன்.
முந்நூற்றுப் பதினேழு என்று வந்து நின்றாள் எஸ்தெரே.
எண்ணிப் பார்க்க எவனுக்கு நேரம்? கொடுத்தேன்.
பாதி வண்டு பக்கத்துத் தோட்டத்து ஓஸ்வால்ட்ஸுடையது,
அவரிடமும் கூலி வாங்கியிருக்கிறாள்.

ஜூன் கடைசியில் எங்கள் லாட்வியாவில்
பொழுதுக்குச் சாய மனம் வராது.
ஓக் தழையில் கட்டிய வளையம் என் கண்ணை மறைக்க
சீமைச் சீரகம் போட்ட பாலாடைக்கட்டியும் பீருமாக
தீயைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.
இந்த இரவில் தூங்குகிறவன்
கோடை முழுக்கத் தூங்கிவழிவான் என்பார்கள்.
மூன்றரை மணிக்கு எனக்குக் கண் சொக்கியது.
கொட்டகை அதற்குச் சாட்சி.

பெயர்நாளுக்கு இங்கே யாரையும் அழைப்பதில்லை.
அழையா விருந்தாளிகளே அன்றைக்கு மரியாதைக்குரியவர்கள்.
என் பெயர்நாளுக்குப் பத்துப் பேர் என்று கணக்கிட்டு
வெல்கா கேக் செய்தாள்.
வந்தவர்கள் இருபத்தாறு.
நாற்காலி பற்றாமல்
தகரக் கட்டைத் தோட்டத்தில் கிடத்தி
அதன்மேல் பந்தி விரித்தோம்.
உறுதியான மேசை என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

குல்டீகாவில் கொழுந்தியாள் ஐகாவின் கல்யாணம்.
காரில் இடமில்லை. ஊதாப்பூ வாளிகள், சூட்கேஸ்கள்,
மடியில் ரோஜாத் தொட்டி,
ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு ஒரு மண்வாரி.
கல்யாணத்துக்கு எதற்கடா மண்வாரி என்று கேட்டார்கள்.
மறுநாள் கல்லறைத் திருநாள் என்றேன்.
மணமகளைத் தூக்கிக்கொண்டு
மாப்பிள்ளை ஏழு பாலம் கடக்க வேண்டும்.
ஆறாவதில் அவன் இடுப்பு பிடித்துக்கொண்டது.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
ஐகாவே அவனைக் கைத்தாங்கலாகக் கரை சேர்த்தாள்.
எல்லோரும் கைதட்ட
வெல்கா மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் தலைவலியோடு மாமனார் கல்லறை.
பிகோனியா நட்டோம், வாளி வாளியாகத் தண்ணீர்.
மணலைச் சீவி வரி போட்டபின்
அதில் ஒரு காலடியும் இருக்கக் கூடாது.
எஸ்தெரே பின்னோக்கியே நடந்து
தன் தடத்தைத் தானே அழித்துக்கொண்டு
கேட்டு வரை வந்துவிட்டாள்.
ஊரே கூடியிருந்தது. பாடினார்கள்.
என் பக்கத்தில் நின்ற அந்நியர் ஒருவர்
கைக்குட்டை இல்லையா என்றார்.
இருந்தது, வெல்காவிடம்.

அங்கிருந்து படகேறித் தீவுக்குப் போனோம்.
நான்கு நாளும் மழை.
கூடாரத்துக்குள் சீட்டாடிக் கிரிஸ்தாப்ஸ்
அக்காவின் வண்டுப் பணம் அத்தனையும் ஜெயித்தான்.

தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவி கொடுத்திருந்த ஓஸ்வால்ட்ஸ்
பறிக்கவும் சொன்னதாக நினைக்கவில்லை போலும்.
திரும்பி வந்தபோது சுக்கினி ஒவ்வொன்றும்
கைக்குழந்தை கனம்.
ஊறுகாய், கேக், சூப், ஜாம்,
பிறகு அஞ்சல்காரிக்கு, பேருந்து ஓட்டுநருக்கு,
கார்க் கதவு பூட்டாத எவருக்கும்.

கல்யாணத்துக்கென்று நட்ட கிளாடியோலஸ்
கல்யாணத்துக்குப் பூக்கவில்லை.
செப்டம்பர் ஒன்று, பள்ளிக்கூடம் திறக்கும் காலை,
ஆசிரியைக்குக் கொடுக்க ஆளுக்கொரு கொத்து அறுத்தேன்.
பிள்ளைகள் போன திசையில்
பூ மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது.

சரி, இன்றாவது என்று ஏணியை எடுத்தேன்.
தகரக் கட்டின் ஓரத்தைத் தூக்கினால்
அடியில் ஓஸ்வால்ட்ஸின் சாம்பல் பூனை,
கண் திறக்காத நான்கு குட்டிகளுடன்.
மெல்லக் கீழே வைத்தேன்.
வெல்கா கேட்டால்
கூரை போட்டாயிற்று என்று சொல்லலாம்.