மூணாவது டிரிப்

கல்குவாரியில் டிரிப் என்றால்
ஒரு டிப்பர் ஜல்லி,
வள்ளியூரில் கொட்டிவிட்டு வெறும் வண்டியாய்த் திரும்புவது.
நூற்றி அறுபது ரூபாய்.
கணக்குத் தப்பக்கூடாதென்று
காலண்டரில் தேதிக்குக் கீழே
அவர் போடும் கோடுகளில்
அன்றன்றைய வேதவசனம் பாதி மறைந்திருக்கும்.

எங்கள் தெருவிலோ
மோட்டார் டிரிப் ஆனால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை.

ஜெபக்கனி பள்ளிக்கூடத்தில் டிரிப் என்றால்
பாபநாசம், குற்றாலம், மதியம் புளிச்சோறு.
ஆளுக்கு அறுநூறு.
கையெழுத்துப் போடும்போதே அவர் சொன்னார்:
"மூணே முக்கால் டிரிப்."

காற்றாலை ஒன்றுகூட அசையாத மதியம்,
ஏழாவது லோடில்
ஸ்டியரிங்மேல் சாய்ந்துவிட்டார்.
ஹாரன் நிற்கவேயில்லையாம்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. நர்ஸ் சொல்கிறாள்:
"டிரிப்ஸ் ஏத்தியிருக்கு, பக்கத்துலயே இரிங்க."
அது வேற வார்த்தைம்மா, இங்கிலீஷ்ல வேற எழுத்து
என்கிறாள் ஜெபக்கனி.
இருக்கட்டுமே.
தமிழில் எழுதிப் பார், ரெண்டும் ஒண்ணுதான்.
இதையும் சொட்டுச் சொட்டாய் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ராத்திரி பத்தரைக்கு அவர் போன் அடிக்கிறது.
குவாரிக் கணக்கர் சாமிதாஸ்.
விவரம் தெரியாது போல.
"இன்னைக்கு எத்தனை டிரிப்னு எழுத?"

பாட்டிலைப் பார்த்தேன்.
"ரெண்டு முடிஞ்சிட்டு.
மூணாவது இறங்கிட்டு இருக்கு."

அந்தப் பக்கம்
நோட்டைப் புரட்டும் சத்தம்,
பிறகு எழுதும் சத்தம்.