திறப்பு

மாங்குளம் கூட்டுறவுச் சங்க மண்டபத்தில்
கருத்துக் கேட்கினம்:
சிறைச்சாலைகளை இனி ஆர் மேற்பார்வை செய்யிறது?
மின்விசிறி மூன்று, ஒன்றுதான் சுத்துது.
கொழும்பிலிருந்து வந்த பிள்ளை
படிவமும் தந்து பேனையும் தந்தாள்.

அமைச்சு. சுயாதீன ஆணைக்குழு. மாகாணம்.
ஏதாவதொரு கட்டத்தில் புள்ளடி.
கீழே, வேறு கருத்துகளுக்கு
ஒன்றரை வரி.

நான் பெர்மிட் இல்லாத மணலோடு பிடிபட்டவன்.
டிப்பரும் நானும் ஒரே நாளில் உள்ளே போனோம்.
டிப்பர் முதல் வெளியே வந்தது.

பதினொரு மாதம் விளக்கமறியல்.
மேற்பார்வையை நாங்கள் மூக்கால் அறிவோம்.
விடியவே ஈரச் சுண்ணாம்பு மணத்தால்
இண்டைக்கு ஆரோ வருகினம்.
மத்தியானச் சோற்றில் மீன் துண்டு முழுசாய்க் கிடக்கும்.
கக்கூஸ் வாளிக்குப் புதுக் கைபிடி.
எண்பது பேர் படுக்கிற அறையில் நாற்பது பேர்;
மிச்சப் பேர் பின்வளவில்
இல்லாத புல்லைப் பிடுங்கிக்கொண்டு நிற்பினம்.
"குறை ஏதும் இருக்கா?" என்று வந்தவர் கேட்பார்,
ஜெயிலர் பக்கத்தில் நிற்க.
முள் சிக்கின ஆக்கள் மாதிரி நிற்போம்.

முறைப்பாட்டுப் பெட்டியும் இருந்தது,
மூன்று மொழியில் பெயர் எழுதி.
செட்டிகுளத்து அரியரத்தினம், மாட்டு வழக்கு, தொய்வுக்காரர்,
ராவில் மூச்சு முட்டுது, பம்ப் வேணும் என்று
பீடி சுத்தின தாளில் எழுதிப் போட்டார்.
ஆறாம் நாள் அதே தாள்
ஜெயிலரின் மேசைக்கால் ஆடாமல்
நாலாய் மடிச்சுச் செருகிக் கிடந்தது.
கூட்டப் போன கமலரூபன் கண்டவன்.
பம்ப் வந்தது.
அவரைக் கொண்டுபோன பிறகு.

ஒன்றரை வரி.
பக்கத்துக் கதிரையில் ஒரு அக்கா,
மகனுக்காக வெள்ளிதோறும் பஸ் ஏறுகிறவ,
"தம்பி, எதில போட்டால் நல்லது?" என்கிறா.
எனக்கும் தெரியாது அக்கா.
ஆர் பார்த்தாலும் பார்க்கட்டும்.
சொல்லாமல் வரட்டும்.
ராவு இரண்டு மணிக்கு, தண்ணி நின்ற பிறகு,
ஆளுக்கு முக்கால் பாயில்
நாங்கள் ஒருக்களிச்சுக் கிடக்கேக்க வரட்டும்.
இதெல்லாம் கொள்ளாது.
"பெட்டித் திறப்பு ஜெயிலரின் இடுப்பில்
இருக்கக்கூடாது" என்று மட்டும் எழுதினேன்.
புள்ளடி போட மறந்துபோனேன்.

வாசலில் தகரப் பெட்டி,
புதுப் பூட்டு.
போட முதல் கேட்டேன்:
"பிள்ளை, இதின்ர திறப்பு ஆரிட்டை?"
சிரித்தாள், கைப்பையைத் தடவினாள்.
பேந்து சிரிக்காமல்
மற்றப் பையையும் தடவினாள்.