எண் சொல்லுங்கள்

"எண் சொல்லுங்கள்" என்கிறாள் யஸ்னா.
காலை ஒன்பதிலிருந்து வேறெதுவும் சொன்ன நினைவில்லை.
வால்பரைசோ துறைமுகத்துக்கு மேலே
மூன்றாம் திருப்பத்தில் மருந்துக்கடை;
பச்சைச் சிலுவை விளக்கில் ஒரு கை எரிவதில்லை.

எல்லோரும் சொல்கிறார்கள்.
கண் மருத்துவரிடம் எழுத்து வாசிப்பதுபோல் சிலர்,
கடன்காரனுக்குப் பதில் சொல்வதுபோல் சிலர்.
மாத்திரையின் பெயரை மறந்த கிழவர்
எண்ணை மறக்கவில்லை.
அதன் வாலில் ஒரு 'கா' உண்டு;
காக்கை கரைவதுபோல் அதை மட்டும் உரக்கச் சொல்வார்.

ஏழில் தொடங்கும் எண்களுக்கு முழங்கால் வலிக்கும்.
இருபத்தொன்றில் தொடங்குவது
ஆணுறையை ஷாம்பூவுக்கு அடியில் ஒளித்து நீட்டும்.
பெயர் வேண்டாம் அவளுக்கு. முகம்கூட வேண்டாம்.
திரை மினுங்கும்,
விலை நாற்பது விழுக்காடு இறங்கும்.
எங்கோ ஏதோ ஒன்று ஏறும்,
அது ரசீதில் வராது.

தலைநகரிலிருந்து ஒருவர் வந்தார் போன வருடம்,
படங்கள் காட்ட, பிஸ்கட் டப்பாவோடு.
"நாம் விற்பது மருந்தல்ல, உறவு" என்றார்.
தும்முவதற்கு முன்பே கைக்குட்டை நீட்டும் உறவாம்.
"இந்தப் பட்டியலை வேறு யார் பார்ப்பார்கள்?"
யஸ்னாதான் கேட்டாள்.
"கூட்டாளிகள்."
"எந்தக் கூட்டாளிகள்?"
அவர் அடுத்த படத்துக்குப் போனார்.

பிறகு எலெயாசர் வெஞ்சுமான்.
குன்றுப் பாதையில் பேருந்து ஓட்டுகிறவர்,
பிரேக்கை நம்பிப் பிழைக்கிற தொழில்.
மாதம் தவறாமல் வலிப்பு மாத்திரை வாங்குவார்,
தங்கைக்கு.
எண் மட்டும் அவருடையது;
தங்கையின் எண்ணுக்கு அந்தத் தள்ளுபடி இல்லை.

மே மாதம் ஒரு கடிதத்தைக் கவுன்ட்டரில் விரித்தார்.
ஆயுள் காப்பீட்டுத் தவணை இரண்டு மடங்கு.
காரணம் என்று ஒரு வரியும் இல்லை.
"என் தலையில் ஒன்றுமில்லை, சென்யோரித்தா" என்றார்,
கோபமே இல்லாமல்,
ஏதோ தாமே தவறு செய்துவிட்டவர்போல்.

தலைமையகத்துக்கு எழுதினாள்.
மூன்று வரியில் பதில் வந்தது:
யாரிடமும் எதையும் சொல்லவில்லை,
தங்கள் தனியுரிமை எங்களுக்கு உயிர்.
இருக்கலாம்.
சொன்னதற்குச் சாட்சியில்லை.
சொல்லாததற்கும் இல்லை.
மாத்திரைக்குத்தான் இருக்கிறது,
தேதிவாரியாக, நான்கு வருடத்துக்கு.

அந்த வாரம் அவளுக்கே ஒரு மருந்துச் சீட்டு.
தூக்கம் வராதவர்களின் சீட்டு.
ரயிலேறி வேறு ஊருக்குப் போனாள்,
யாரும் தெரியாத கடைக்கு.
"எண் சொல்லுங்கள்" என்றான் பையன், நிமிராமல்.
நாக்கு நுனிவரை வந்துவிட்டது, பழக்கம்.
விழுங்கினாள்.
முழு விலை, இரண்டு நாள் கூலி.
மீதிச் சில்லறையை வாங்க மறந்து வந்துவிட்டாள்.

மறுநாள் கேள்வியை மாற்றினாள்.
"எண் சொல்ல விருப்பமா? சொல்லாவிட்டாலும் மருந்து உண்டு."
வரிசை நின்றது.
பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்.
முன்னால் நின்றவளுக்கு மீன்சந்தையில் வேலை,
மணிக்கட்டில் செதில் ஒன்று இன்னும் ஒட்டியிருந்தது.
"சொல்லாமலும் வாங்கலாமா?"
"வாங்கலாம்."
சில்லறையை எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.
இரண்டு பெட்டிக்கு வேண்டியது
ஒன்றரைக்குத்தான் இருந்தது.

கவுன்ட்டர் மேல் குனிந்து
மெல்லச் சொன்னாள், ஒவ்வொரு இலக்கமாக.
யஸ்னா ஒரு கையால் தட்டினாள்.
மறு கையைத் திரைக்குக் குறுக்கே வைத்திருந்தாள்,
காற்றில் தீக்குச்சியைப் பொத்துவதுபோல்.