பனிமனிதன்

லேமினேஷன் சூடு ஆறுவதற்குள்
முதலில் நான்தான் செய்துகொடுத்தேன் அட்டைகளை:
தண்ணீர், சோறு, கழிவறை, ஊஞ்சல்.
செக்காலை ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு
அதுகூட முடியாதா.
உமையாள் மூலைகளை மென்றாள்.
ஊஞ்சலை மட்டும் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு வந்தது டேப்லெட்,
சீட்டைத் தள்ளி எடுத்த பணத்தில்.
கழுத்தில் மாட்ட வார், விழுந்தால் தாங்க ரப்பர் உறை,
ஒரு திரையில் அறுபது கட்டங்கள்.
தொட்டால் ஒரு பெண் பேசுகிறாள்,
செய்தி வாசிக்கும் சுத்தத்தில்.
எங்கள் வீட்டில் யாரும் இதுவரை
'வேண்டும்' என்று முழுசாகச் சொன்னதில்லை.

அறுபதில் பர்கர் இருந்தது, பணியாரம் இல்லை.
மெட்ரோ ரயில் இருந்தது, டவுன் பஸ் இல்லை.
பனிமனிதன் இருந்தான்,
கேரட் மூக்கும் சிவப்பு மப்ளருமாக,
சித்திரையில் தார் உருகும் காரைக்குடியில்.
"வேண்டாததை எடுத்துடலாம் சார்" என்றார்
சனிக்கிழமைதோறும் மதுரையிலிருந்து வரும் ரெஜினா டீச்சர்.
எடுக்க மறந்துவிட்டேன்.

எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்:
அம்மான்னு சொல்லிட்டாளா?
அந்தக் கட்டத்தில் கொண்டை போட்ட யாரோ ஒருத்தி
கரண்டியோடு சிரித்தாள்.
உமையாள் அவளை ஒருமுறைகூடத் தொடவில்லை.

தொட்டது பனிமனிதனை.
மொட்டைமாடிக்கு நேர் கீழே எங்கள் வீடு.
பதினோரு மணிக்குக் கூரை காயத் தொடங்கும்,
அவளும் தொடங்குவாள்:
பனிமனிதன். பனிமனிதன். எனக்கு வேண்டும் பனிமனிதன்.
ஐஸ்கிரீம் வாங்கிவந்தேன், தரையில் கொட்டினாள்.
ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினோம், கதவை அறைந்தாள்.
வெள்ளைக் கரடி பொம்மை. தயிர். போனில் காஷ்மீர்.
தன் கையைத் தானே கடித்துக்கொண்டு
மறுபடி அழுத்தினாள்,
முன்பைவிட மெதுவாக,
காது மந்தமானவர்களிடம் பேசுவதுபோல.

பத்தொன்பது நாள்.

கானாடுகாத்தான் போனது வேறு வேலையாக.
பின்கட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த பெரிய வீடு
இப்போது ஹோட்டல்.
எங்கள் அட்வான்ஸில் நாலாயிரம் பாக்கி.
மேனேஜர் வரும்வரை வளவில் நிற்கச் சொன்னார்கள்.
வெயிலில் வந்த அலுப்பில் சுவரில் சாய்ந்தேன்.
சட்டையைத் தாண்டி முதுகில் இறங்கியது குளிர்.
சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் இழைத்த பூச்சு.
இடுப்புக்குக் கீழே, ஒரு மூன்று வயதுக் கன்னத்தின் உயரத்தில்,
துடைத்தும் போகாத எண்ணெய்க் கறை.

அப்போதெல்லாம் திட்டியிருக்கிறோம்:
சுவரை விட்டு வாடி, சளி பிடிக்கும்.

நாலாயிரத்தைக் கேட்காமல் பஸ் ஏறினேன்.

வீட்டில் சொன்னதும் நாச்சம்மை ஒன்றும் பேசவில்லை.
களைந்த அரிசியையே திரும்பக் களைந்துகொண்டிருந்தாள்.
சுவரைப் படம் பிடித்து
அந்தக் கட்டத்தில் மாற்றிவிடட்டுமா என்றேன்.
"அவ வச்ச பேரு. கை வைக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம்.
வாட்ச்மேன் கேட்டார், பாப்பா என்ன சொல்லுது?
சுவர் கேக்குறா.
சுவரா?
ஆமாண்ணே, அந்தக் கிழக்குப் பக்கம்.
விருந்தாளிகள் சாப்பாட்டில் இருந்தார்கள்.
அஞ்சு நிமிஷம் என்றார், மேனேஜர் வர்றதுக்குள்ள.

ஒரு கன்னம். பிறகு மறு கன்னம்.
கைகள் இரண்டும் படபடத்தன,
மின்சாரம் திரும்பி வரும்போது படபடக்கிற விதத்தில்.

நேரமானதும் டேப்லெட்டை நீட்டி
'போதும்' கட்டத்தைக் காட்டினேன்.
கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் நீட்டி
பக்கத்துக் கட்டத்தை அழுத்தினாள்.

இன்னும்.

செய்தி வாசிக்கிறவளின் குரல்
வளவு முழுக்கக் கேட்டது.

இன்னும்.

வாட்ச்மேன் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு
கேட்டைப் பார்த்து உட்கார்ந்தார்.