பத்தடி ஆழம்

லூசியானாவில், ஹௌமா என்னும் எங்கள் ஊரில்
நகப்பூச்சுக் கடைக்கும் வரிக் கணக்கர் அலுவலகத்துக்கும் நடுவே
ஒரு நீலப் பை ஊதிக் கிடக்கிறது.
நாற்பது அமர்வு.
மொத்தமாகக் கட்டினால் இரண்டு இலவசம்.

பத்தொன்பது வருடம்
வளைகுடாவின் அடியில் எண்ணெய்க் குழாய் பற்றவைத்தவன் நான்.
மானியைப் பார்த்தேன்.
பத்தடித் தண்ணீரின் அழுத்தம்.
நீச்சல்குளத்தில் பிள்ளைகள் காசு பொறுக்கும் ஆழம்.
இதற்கா படகை விற்றோம் என்று கேட்க வாயெடுத்தேன்.
டெல்ஃபின் அதற்குள்
மூன்றாவது தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பிள்ளையோடு பெரியவர் ஒருவர் உள்ளே போகவேண்டும்.
மூடிய இடத்தில் அவளுக்கு மூச்சு முட்டும்.
ஆகவே நான்.

பாஸ்டியனுக்கு ஏழு வயது, பேச்சு இல்லை.
பேசாதவனுக்குக் காது வலித்தால் எப்படித் தெரியும் என்றேன்.
வேலைக்கு இருந்த பெண் சிரித்து
ஒரு லாலிபாப் கொடுத்தாள்.

கம்பி அறுந்த நாட்களில்
கடலடியில் எங்களுக்கும் பேச்சு இருந்ததில்லை.
விரித்த கை இப்படியும் அப்படியும் ஆடினால்
ஏதோ சரியில்லை.
பிறகு, எங்கே என்று தொட வேண்டும்.
ஜிப் மூடியதும் அவனுக்குச் செய்து காட்டினேன்.
அவன் ஜிப்பின் பற்களை எண்ணினான்.
மறுநாளும் காட்டினேன்.
எண்ணினான்.

உள்ளே போன் கூடாது, தீப்பெட்டி கூடாது.
காற்று இறைக்கும் இயந்திரம் ஒரே சுருதியில் முனகும்,
அவனும் அதே சுருதியில்.
இங்கே பார் என்று யாரும் சொல்லவில்லை.
படம் போட்ட அட்டைகள் இல்லை.
பதினோராம் நாள்
என் வயிற்றின்மேல் காலைப் போட்டான்,
எடுக்க மறந்தவன்போல அப்படியே வைத்திருந்தான்.
நான் தூங்குவதாக நடித்தேன்.

நியூ ஆர்லியன்ஸ் டாக்டரம்மா ஒரு தாள் கொடுத்தார்.
பாதிப் பிள்ளைகளுக்கு ஆக்சிஜன்,
மீதிப் பேருக்கு வெறும் காற்று.
யாருக்கு எது என்று தாய்மாருக்குத் தெரியாது.
இரண்டு பக்கமும் 'கொஞ்சம் பரவாயில்லை' என்றார்களாம்.
வித்தியாசம் ஒன்றும் தேறவில்லை.
டெல்ஃபின் அதைப் படித்தாள்.
மடித்து, ஊறுகாய் வெண்டைக்காய் ஜாடிக்கு அடியில் வைத்தாள்.
இரவு உணவு முழுக்க அது அங்கேயே இருந்தது.

இருபத்தேழாம் அமர்வு முடிந்த சனிக்கிழமை,
கடையில், உறைந்த இறால் வைத்த பெட்டிகள் இரையும் வரிசையில்,
வழக்கமாக அவன் மணிக்கட்டைக் கடித்துத் தரையில் விழும் இடத்தில்,
பாஸ்டியன் நின்றான்.
கை விரிந்தது. ஆடியது.
காதைத் தொட்டான்.

தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியேறினோம்.
வாகன நிறுத்தத்தில் டெல்ஃபின் அழுதாள்.
"ஆக்சிஜன்," என்றாள், "நான் சொன்னேனே."
வாய்வரை வந்தது.
விழுங்கினேன்.
காது அடைத்தால் விழுங்கத்தான் வேண்டும்.

மீதிப் பணம் திருப்பித் தரமாட்டார்களாம்.
அதனால் வியாழக்கிழமை மறுபடி போனோம்,
அல்லது அதனால் என்று சொல்லிக்கொண்டோம்.
ஜிப்பை அவனே இழுத்தான்.
கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து வட்டம் காட்டினேன்:
எல்லாம் சரியா?
கை ஆடியது.
எங்கே?
கொஞ்சம் யோசித்தான்.
என் மார்பில் கை வைத்தான்.

சிகரெட்டை விட்டு ஆறு வருடம்.
மூச்சு விடும்போது அங்கே இன்னும் ஒரு விசில் கேட்கும்.
அது அவனுக்குப் பிடிக்கவில்லை.