விடு

பிப்ரவரி. மனிடோபா ஏரி
லாரி ஓடுகிற அளவுக்கு இறுகிக் கிடக்கிறது.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
அதனால் பள்ளிக்கூடம் வீட்டு நடைக்குள்தான்:
ஒரு முனையில் கொதிகலன் அறை, மறுமுனையில் குளியலறை,
இரண்டு கதவையும் சாத்தியாயிற்று.
நடுவில் பெர்னடெட்,
மாற்று மூட்டு வைத்த காலைத் தலையணைமேல் நீட்டி.
எதிரில் ப்ரூன். கறுப்பு லேப்ரடார்.
வயது எட்டு. முகவாயில் உப்புத் தூவிய நரை.

உருட்டிவிட்ட கித்தான் பொம்மை
மூன்றடி போய் நின்றது.
ப்ரூன் அதைப் பார்த்தாள்.
பெர்னடெட்டைப் பார்த்தாள்.
பிறகு நல்ல நாய் செய்வதைச் செய்தாள்:
முகத்தைத் திருப்பிக்கொண்டு
சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

குட்டியில் அவள் கவ்வாதது இல்லை.
அடுப்புக் கையுறை, மீன்வலை மிதவை,
அல்ஃபோன்ஸின் இடது செருப்பு (எப்போதும் இடது),
ஒருமுறை, பிரிக்காத வரி நோட்டீஸ்.
ஒவ்வொன்றையும் வால் சுழலக் கொண்டுவந்து
காலடியில் நிமிர்ந்து நின்றாள்.
ஒவ்வொன்றுக்கும் கிடைத்தது ஒரே சொல்.
விடு.
முதல் பனி விழுவதற்குள் விட்டுவிட்டாள்.
வந்தவர்களெல்லாம்
'என்ன அடக்கமான நாய்' என்றார்கள்.
பெர்னடெட் காபி ஊற்றிக்கொடுத்தாள்.

போன அக்டோபரில் சுட்ட வாத்து
நாணலுக்கு அப்பால் விழுந்தது.
இடுப்பளவு குளிர்நீரில் தானே இறங்கித் துழாவினாள்.
கரையில் ப்ரூன்,
கச்சேரிக்கு முன்வரிசை கிடைத்தவள் போல
அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.
வாத்து கிடைக்கவில்லை.
முழங்கால் அன்றோடு போயிற்று.

தெலெஸ்ஃபோர் போனில் சிரித்தான்.
இருபது நாய் பழக்கியவன்.
"எட்டு வயசா? பென்ஷன் எழுதிக் கொடு அதுக்கு."
ஐந்தில் வளையாததைப் பற்றி
எல்லா ஊரிலும் ஒரு பழமொழி இருக்கும்போல;
அவனும் தன் மொழியில் ஒன்று சொன்னான்.
வைப்பதற்கு முன் மட்டும், சிரிக்காமல்:
"கொண்டுவந்தா கை நீட்டாதே.
அவ வாயில இருக்கிறது அவளோடது.
கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

மூக்கால் தொட்டால் ஒரு துண்டு மான் ஈரல்.
பல் பட்டால் இரண்டு.
நான்கு நாள் மூக்கு மட்டும்.
ஐந்தாம் நாள் பனிப்புயல், மின்சாரம் இல்லை, பாடமும் இல்லை.
அப்புறம் ஒரு வாரம்
ஈரலைத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

பிறகொரு மத்தியானம்
கவ்வினாள்.
கவ்வியவுடனே காதைப் படுக்கவைத்து,
கண்ணைச் சுருக்கி,
அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாள்.
சொல் வரவில்லை.
ஆனால் கை எழும்பியது.
பெர்னடெட் எழுப்பவில்லை, தானாக எழும்பியது,
ஏழு வருடம் பிடுங்கியே பழகிய வலக்கை.
அது பாதி தூரம் போவதற்குள்
பொம்மை தரையில் கிடந்தது.

வளைய வேண்டியது எது என்று
அப்போது தெரிந்தது அவளுக்கு.
மறுநாளிலிருந்து அந்தக் கையைத்
தொடைக்கடியில் போட்டு
அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.
மரத்துப்போகும். போகட்டும்.
ஈரலை இடக்கை கொடுத்தது.

மார்ச் மூன்றாம் வாரம்,
கூரையிலிருந்து முதல் சொட்டு விழுந்த காலை,
பொம்மை அலமாரியில் இருந்தது.
யாரும் எதையும் உருட்டவில்லை.
கொதிகலன் அறைப் பக்கமிருந்து நகச்சத்தம்.
ப்ரூன் வந்து நின்றாள், நிமிர்ந்து,
வாயில் ஒரு செருப்போடு.
இடது.

பெர்னடெட் கையைத் தேடி
அடியில் வைத்துக்கொண்டாள்.
எச்சில் ஒரு நூலாக இறங்கித்
தரையைத் தொட்டது.
வால் முதலில் நுனியில் மட்டும் ஆடியது,
பிறகு இடுப்போடு.

உள்ளே அல்ஃபோன்ஸ்
ஒற்றைக் காலில் தத்தியபடி
கேட்டுக்கொண்டிருந்தார், என் செருப்பு எங்கே என்று.
இருவரும் பதில் சொல்லவில்லை.
'கொடு' என்பது
அடுத்த மாதப் பாடம்.